மாடித்தோட்டம் டைரி: தக்காளிப் பூ ஏன் கொட்டுது?

பங்குனி பாதி தாண்டிவிட்டது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் காலை ஒன்பது மணிக்கே வெறுங்காலை வைக்க முடியவில்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடந்துகொள்ளலாம். செடிகள் எங்கே போகும்?

தை மாதம் நட்ட தக்காளி இப்போதும் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ஆனால், காயாகாமல் பூவாகவே கொட்டுகிறது. "தண்ணி பத்தலையோ?" என்று அம்மா கூடுதலாக ஊற்ற, இலைதான் மஞ்சளானது. காரணம் சூடு. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. உரம் போட்டாலும் பலன் இருக்காது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றை நான் செய்தேன். வெளிநாட்டு வீடியோ பார்த்து, மூங்கில் குச்சி நட்டு, பாலித்தீன் ஷீட் போர்த்தி ஒரு பசுமைக்குடில் கட்டினேன். உள்ளே வைத்தது ஆயா சாம்பலில் புரட்டி எடுத்துவைத்த நாட்டுக் கத்தரி விதையில் வந்த நாற்றுகள். இரண்டே நாளில் பாதிக்கு மேல் துவண்டு விழுந்தன. திரும்பக் கேட்டு வாங்க இப்போது ஆயா இல்லை.

அம்மா திட்டவில்லை. ஷீட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, பழைய நூல் புடவையைப் பந்தல் மாதிரி கட்டினார். பதினொரு நாற்றுகள் பிழைத்தன.

பிறகுதான் புரிந்தது. குளிர் நாடுகளில் குடில் கட்டுவது சூட்டைப் பிடித்துவைக்க. நமக்கு வேண்டியது சூட்டைக் குறைக்கும் நிழல்வலை. பஞ்சாங்கப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். கத்திரி வெயில் வருவதும் அப்போதுதான்! அதற்குள் செடிகளைத் தயார் செய்துவிட வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை:

* நாற்று, கீரைத் தொட்டிகளுக்கு 50 சதவிகித நிழல்வலை போதும். நான்கு பக்கமும் காற்று போகட்டும். வெண்டை, கொத்தவரை வெயில் தாங்கும், வெளியிலேயே இருக்கலாம்.

* தொட்டி மண்ணின் மேல் காய்ந்த இலை, தேங்காய் நார் பரப்புங்கள். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் காலை ஏழு மணிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள்.

* சுரைப் பிஞ்சு வெம்பி விழுகிறதா? ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு இருக்கும் பெண் பூவில் தடவுங்கள். சுரை மாலையில் மலரும், பூசணி காலையில்.

* மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கியபின் தெளியுங்கள்.

பதினொரு கத்தரியும் இப்போது நான்கைந்து இலை விட்டிருக்கின்றன. காய்த்ததும், நல்ல செடியாகப் பார்த்து இரண்டு காயைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விடப்போகிறோம், விதைக்காக. இந்த முறை சாம்பலில் புரட்டி எடுத்துவைப்பது என் பொறுப்பு.