தரையிலிருந்து எழும் சிறுவன்

நாலு வயதுப் பையன் அடிக்கடி விழுகிறான். மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுகிறான். வீட்டில் 'போகப் போகச் சரியாயிடும்' என்கிறார்கள். தெருமுனை டாக்டர் சத்து டானிக் எழுதித் தருகிறார். டுஷென் தசைச்சிதைவு நோய் பல குடும்பங்களில் இப்படித்தான் கண்ணில் படாமல் வளர்கிறது.

இதைச் சந்தேகிக்க ஸ்கேன் வேண்டாம். பையனைத் தரையில் உட்காரவைத்து எழச் சொன்னால் போதும். நோய் இருந்தால், குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, பிறகு முழங்கால், தொடை என்று மாற்றி மாற்றிப் பிடித்து, தன் உடம்பின் மீதே ஏறுவதுபோல நிமிர்வான். 1879இல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் விவரித்த அடையாளம் இது. கெண்டைக்கால் பருத்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது சி.கே. (கிரியேட்டின் கைனேஸ்) என்ற தசை நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனை. அதை விட்டுவிட்டு, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் கூடியிருக்கின்றன என்று கல்லீரலைத் துருவுவது கொடுமை. அந்த நொதிகள் தசையிலிருந்தும் வரும்.

ஐந்து வயது தடுப்பூசிக்கு வரும் பையன்களை ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒருமுறை இப்படி எழவைத்துப் பார்த்தே ஆகவேண்டும். நோய் உறுதியானால், ஸ்டீராய்டு மாத்திரை பையன் நடக்கும் காலத்தை நீட்டிக்கும். கண்டறியத் தாமதித்தால், அதற்குள் தாய் அடுத்த பிள்ளையைச் சுமந்திருக்கலாம். அவர் இந்த மரபணுக் கோளாறைக் கடத்துபவரானால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு.