அம்மா அப்பா எங்க போனவை?

ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர் நல்லா ஓடினால், கொஞ்சக் காலத்தில் அதுக்கு ஒரு கார்ட்டூன் தம்பி பிறந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்காம். அப்படிப் பிறந்த சிலதைத் தேடிப் பார்த்தபோது எங்களுக்கு வந்த முதல் கேள்விதான் தலைப்பில் இருப்பது.

அமெரிக்காவின் 'த பிராடி பஞ்ச்' 1969இல் தொடங்கியது. மூன்று ஆண் பிள்ளைகளோட ஒரு அப்பா, மூன்று பெண் பிள்ளைகளோட ஒரு அம்மா. இருவரும் கலியாணம் கட்டி எல்லாரையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். ஆறு பிள்ளைகளுக்கும் ஒரே குளியலறை. கதையே அந்த நெருக்கடிதான். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1972இல், 'த பிராடி கிட்ஸ்' என்ற கார்ட்டூன் சனிக்கிழமைக் காலைகளில் வந்தது. அதில் அம்மா இல்லை. அப்பா இல்லை. வீட்டு வேலை பார்க்கும் ஆலிஸும் இல்லை. அவைக்குப் பதிலா மந்திரம் தெரிந்த ஒரு மைனாவும் இரண்டு பாண்டாக் குட்டிகளும். பிள்ளைகள் இருக்கிறது மரத்துக்கு மேல ஒரு வீட்டில!

மைனாவோட எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பெரியாக்கள் வந்தால் பிள்ளைகளுக்கு அலுப்படிக்கும் எண்டு ஆர் சொன்னது? ஏச்சு விழும் என்ற பயமே இல்லாத குழப்படியில என்ன ருசி இருக்கு?

இந்தியாவின் 'தாரக் மேத்தா கா உல்ட்டா சஷ்மா' 2008இல் தொடங்கியது. அதன் கார்ட்டூன் 2021இல் வந்தது. இதில் பெரியாக்களைக் கலைக்கவில்லை, அந்தமட்டில் நல்லது. ஆனால் அப்பா ஜெத்தாலாலும் மகன் டப்புவும் பூனையும் எலியும் மாதிரி ஆகிவிட்டார்கள். தொடரில் எங்களைச் சிரிக்க வைத்தது வேற விஷயம். கடை முதலாளி, மீசை வைத்த மனுசன், தன்ர அப்பா சம்பக்லாலுக்கு முன்னால தலை குனிஞ்சு நிக்கிறது. அப்பாவுக்கு அப்பப்பாவிடம் ஏச்சு விழுறதைப் பார்க்கிறதை விடப் பெரிய சந்தோசம் ஒரு பிள்ளைக்கு உண்டோ?

தயாரிக்கிறவைக்கு லாபம் வேற இடத்தில. டப்புவாக நடித்தவர் வளர்ந்து 2017இல் தொடரை விட்டுப் போனார். கீறின டப்பு வளரமாட்டான், போகவும் மாட்டான். பிராடி கார்ட்டூனிலும் குரல் கொடுத்த பிள்ளைகளில் மூன்று பேர் இடையில் விலக, வேற குரல்களைப் போட்டுச் சமாளித்தார்கள்.

எங்கட கவலை இதுதான். குடும்பத் தொடரை அம்மம்மாவும் பார்ப்பா, அஞ்சு வயசுப் பெடியனும் பார்ப்பான். ஆளுக்கொரு இடத்தில சிரிப்பினம். பெடியன் "ஏன் சிரிச்சனீங்கள்?" எண்டு கேட்பான், அவ விளங்கப்படுத்துவா. கார்ட்டூன் தொடங்கினால் அவ எழும்பிக் குசினிக்குப் போயிடுவா.

ஆராவது பிராடி வீட்டைத் திரும்பவும் கீறுறதெண்டால், அந்த ஒற்றைக் குளியலறையைக் கீறட்டும். வெளியில அஞ்சு பேர் கதவைத் தட்டட்டும். உள்ளுக்கு ஒருத்தி ஆறுதலாத் தலை இழுத்துக்கொண்டு நிக்கட்டும். கீழ இருந்து அம்மா கத்தட்டும்.