வெடித்த சாஸ்

கல்யாணமாகி அருவங்காட்டுக்கு வந்த முதல் வருஷம். மே மாதம், குன்னூர் மார்க்கெட்டில் பிளம்ஸ் மலிவு. சுட்ட கோழிக்குத் தடவும் பார்பெக்யூ சாஸ் செய்து அலமாரியில் வைத்தேன். மூன்றாம் வாரம் மாமியார் மூடியைத் திறந்தாரோ இல்லையோ, நுரை பொங்கி முகத்தில் அடித்தது! கண்ணில் காரம் பட்டுத் துடித்துப் போனார். தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவ, எனக்குக் கை நடுங்கியது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

"ஏம்மா, வெடிமருந்துக்குத்தான் இங்கே பாக்டரி இருக்கே, நீ வேறயா?" என்றார்.

பிசகு என்னுடையதுதான். ஈர பாட்டில், ஆறின சாஸ், வினிகரிலும் சிக்கனம். புளித்து வாயு சேர்ந்துவிட்டது. மலையில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பாட்டிலைக் கூடுதல் நேரம் கொதிக்கவிட வேண்டும்.

இப்போது செய்வது இப்படி: 1 கிலோ பிளம்ஸை வேகவைத்து வடிகட்டி, வெல்லம் 250 கிராம், பூண்டு விழுது, மிளகாய்த் தூள், உப்பு சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் கெட்டியாகக் கிளறுங்கள். கடைசியில் 1 கப் வினிகர் விட்டு ஒரு கொதி. 20 நிமிஷம் கொதித்து உலர்ந்த பாட்டிலில், சூடாகவே ஊற்றுங்கள். ஆறியதும் பிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மூடி உப்பினாலோ நுரைத்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள், சகோதரிகளே.

மாமியார் இன்றும் எந்த பாட்டிலானாலும், "நீயே திற" என்று நீட்டுகிறார்!