கோட்டையைக் காட்டுவோர் கல்லையும் காட்டட்டும்

ஒல்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில், கால்வாய்க் கரைகளின் வழியே வழிகாட்டி ஒருவரின் பின்னால் நடந்து நகரத்தை அறிந்து கொள்வது பெரியதொரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அக்கால்வாய் வளையத்தை யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அக்கரைகளில் எழுந்த மாளிகைகளுக்கு எங்கிருந்து பணம் வந்தது என்று கேட்டால், பதிலின் ஒரு பகுதி நமது கடற்கரைகளில் கிடைக்கும். இலங்கையின் கறுவாவும் யானையும் முத்தும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கணக்கேடுகளில் ஏறிய சரக்குகள். அந்தக் கணக்கின் மறுபக்கம் எழுதப்பட்ட நகரங்களுள் ஒன்று திருகோணமலை.

திருமலையில் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் எதுவும் இல்லை. ஆயினும் கோட்டை இருக்கிறது. அவர்கள் பெயரைத் தாங்கிய குடா இருக்கிறது. துறைமுகத்தைக் காக்க எழுந்த ஒஸ்டன்பேர்க் கோட்டை இருக்கிறது. அவர்கள் கட்டிய கடற்படை ஆணையாளர் இல்லம் ஒல்லாந்து அரசின் உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு, இன்று கடற்படையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஓர் அரை நாளில் கால்நடையாகவே பார்த்து முடிக்கக்கூடிய நகரம் இது. போர் முடிந்தபின் வெளிநாட்டாரும் தென்னிலங்கை மக்களும் புலம்பெயர்ந்த நம்மவரும் பெருமளவில் வருகிறார்கள். அவர்களுக்கு இந்நகரத்தின் கதையைச் சொல்பவர் யார், எதைச் சொல்கிறார், எதை விடுகிறார் என்பதே நான் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி.

பிரெட்ரிக் கோட்டையிலிருந்து தொடங்குவோம். கோட்டை வாசலின் கல்லில் இணைக்கயல் சின்னமும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்றும் உள்ளன. கோட்டை வாசலில் பாண்டியரின் கயல் எப்படி வந்தது? சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இடித்தார். அக்கோயிலின் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பப்பட்டது. 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1660களில் மீண்டும் வந்து தமக்கேற்பக் கட்டினர். 1782இல் மட்டும் ஆங்கிலேயர் பிடிக்க, பிரெஞ்சுக்காரர் பறிக்க, ஒரே ஆண்டில் இருமுறை கை மாறியது. 1795இல் ஆங்கிலேயர் நிலைத்தனர். பிரெட்ரிக் என்ற பெயர் அவர்கள் 1803இல் இட்டது. பெயர்கள் மாறின, கற்கள் மாறவில்லை. அவசரமாகக் கோட்டையைக் காட்டுபவர் ஒல்லாந்தரின் கட்டடக் கலையைப் புகழ்ந்துவிட்டு, மான்களைக் காட்டிவிட்டு, மேலே நடத்திச் சென்றுவிடுகிறார்.

மேலே சுவாமிமலையின் விளிம்பில் நிற்கும் தூணுக்கு வருவோம். 1687ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் பொறிக்கப்பட்ட அதில் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனை எண்ணி இப்பெண் மலையுச்சியிலிருந்து கடலில் குதித்தாள் என்பது வருவோர் அனைவருக்கும் சொல்லப்படும் கதை. கல்வெட்டில் காதலும் இல்லை, சாவும் இல்லை. நினைவுக்காக நாட்டப்பட்டது என்ற செய்தி மட்டுமே உண்டு. அப்பெண் அதற்குப் பின்னரும் உயிருடன் இருந்தார் என்பதைப் பழைய பதிவேடுகள் காட்டுகின்றன. மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் நூலாக்கிய ஹென்ட்ரிக் வான் ரீட் என்ற ஒல்லாந்த அதிகாரியின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, அந்தப் பெயர் பொறிக்கப்பட்ட தூண் இடிக்கப்பட்ட கோயிலின் தூண்களுள் ஒன்று என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகிறது. நிகழாத ஒரு தற்கொலைக்குப் பயணிகள் பெருமூச்சு விடுகிறார்கள். நிகழ்ந்த ஓர் அழிவின் சாட்சி அவர்கள் கண்முன்னே நிற்கிறது.

பொய்க்கதை சுவையானது, உண்மை வறண்டது என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது. 1950இல் மண்ணைத் தோண்டியபோது, இடிப்புக்கு அஞ்சிப் புதைக்கப்பட்ட பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலையடியில் கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்களைக் கண்டார்கள். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இதைவிடச் சுவையான கதையை எந்த வழிகாட்டி கற்பனை செய்துவிட முடியும்?

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். அரசு 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கெனச் செயலணி ஒன்றை அமைத்தது. பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் அமைந்த அதில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. கோணேசர் கோயில் இருக்குமிடம் ஆதியில் கோகண்ண விகாரை என்ற வாதமும் அவ்வாண்டே உரத்து எழுந்தது. தமிழர் கொதித்ததில் வியப்பில்லை. ஆனால் கொதிப்பு மட்டும் விடையாகாது. மகாசேன மன்னன் தேவாலயங்களை அழித்து விகாரைகள் அமைத்ததைக் கூறும் மகாவம்சம், அவ்விடங்களுள் ஒன்றாகக் கோகண்ணத்தைக் குறிப்பிடுகிறது. விகாரை இருந்ததற்கு அவர்கள் காட்டும் நூலே, அதற்கு முன் கோயில் இருந்ததற்கும் சான்றாகிறது. இரண்டையும் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். ஒரு படலத்தை மட்டும் சொல்பவன் வழிகாட்டி அல்லன், வழக்குரைஞன்.

இனிக் கோட்டையிலிருந்து இறங்கி ஒல்லாந்தர் குடாவின் கரைக்கு வருவோம். மாலையில் குடும்பங்கள் காற்று வாங்கும் அழகான கடற்கரை. காந்தி சிலைக்கு அண்மையில், 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு கூறியது. அவர்கள் மிக அருகிலிருந்து சுடப்பட்டவர்கள் என்பதைக் காட்டும் படங்களை எடுத்தவர் சுடர் ஒளி நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். படங்கள் அச்சேறிச் சில வாரங்களுக்குள், ஜனவரி 24ஆம் நாள் காலை, அவரும் இதே நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் சந்தேக நபர்களாக நிறுத்தப்பட்ட படையினர் 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற முறையில், அந்தக் கரையைக் கடக்கும்போது எனக்கு ஒல்லாந்தர் நினைவுக்கு வருவதில்லை.

மகிழ்ச்சிக்காக வரும் பயணியிடம் மரணத்தைப் பேசலாமா என்று கேட்பார்கள். உல்லாச விடுதி நடத்துவோர் இதை அடிக்கடி கேட்பார்கள். அவர்களை நான் மீண்டும் ஆம்ஸ்டர்டாமுக்கு அழைக்கிறேன். அங்குக் கால்வாய்க் கரையில் மிகுந்த கூட்டத்தை ஈர்க்கும் வீடுகளுள் ஒன்று, நாற்சிகளுக்கு அஞ்சி ஆன் பிராங்க் என்ற சிறுமி ஒளிந்திருந்த வீடு. ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதைக் காண வருகிறார்கள். செல்வர் மாளிகைகளின் பின்னே இருந்த அடிமை வாணிபத்தைச் சொல்லும் நடைச் சுற்றுலாக்களும் அங்கு நடக்கின்றன. அடிமை வாணிபத்தில் நகரம் வகித்த பங்குக்காக அதன் மேயர் 2021 ஜூலை முதலாம் நாள் மன்னிப்புக் கேட்டார். 2022இல் பிரதமரும் 2023இல் மன்னரும் கேட்டார்கள். கண்டியிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பீரங்கி உள்ளிட்ட ஆறு பொருட்களை ஒல்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பி ஒப்படைத்தது. உண்மை சொன்னதால் ஆம்ஸ்டர்டாமுக்குப் பயணிகள் குறைந்துவிடவில்லை. கவர்ந்து சென்றவர்களே பேசத் தொடங்கிவிட்டார்கள். இழந்த நகரம்தான் இன்னும் வாய் திறக்காமல் இருக்கிறது.

வாய் திறப்பதற்குத் தடைகள் உண்டு என்பதை அறியாதவன் அல்லன் நான். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்தினுள் இருக்கிறது. அனுமதியின்றி எவரும் செல்ல முடியாது. அருங்காட்சியகமும் கடற்படையிடமே. இந்நகரின் பழமையைப் பார்க்கும் வழியெல்லாம் சீருடையைக் கடந்தே செல்கிறது. அந்நிலையில் உள்ளூர் இளைஞன் ஒருவன் 2006ஐப் பற்றி வாய்விட்டுப் பேச அஞ்சினால் அவனைக் குறைகூறுவது அறமாகாது. அந்த அச்சத்தை நீக்குவது அரசின் பொறுப்பு.

எனினும் அரசுக்காகக் காத்திராமல் செய்யக்கூடியவை உள்ளன. நாடெங்கும் செல்லும் தேசிய வழிகாட்டிகளுக்கு மட்டுமன்றி, ஒரு பிரதேசத்துக்கோ தலத்துக்கோ உரிய வழிகாட்டிகளுக்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. திருமலை, மூதூர், கிண்ணியா இளைஞர்கள், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், அதைப் பெறப் பள்ளிகளும் பழைய மாணவர் சங்கங்களும் துணை நிற்கலாம். நகரின் கதையை ஆதாரங்களுடன் சிறு கைநூலாக மூன்று மொழிகளிலும் எழுதலாம். கோட்டை, கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம், சந்தை, உட்துறைமுகம், கடற்கரை என்று ஒரே நடையில் அனைத்தையும் அது அடக்க வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளும், 2004இன் ஆழிப்பேரலையும், 99 எண்ணெய்த் தாங்கிகளுக்காக இன்றும் நடக்கும் பேரங்களும் அதில் இருக்க வேண்டும். புலம்பெயர் நாடுகளிலிருந்து வரும் நம்மவர் கோணேசரை வணங்கி, நிலாவெளியில் நீராடித் திரும்புவதோடு நில்லாமல், உள்ளூர் வழிகாட்டி ஒருவருக்கு ஒரு நாள் ஊதியம் கொடுத்து இந்நகரத்தை நடந்து பார்க்கலாம். உடன் வரும் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த தமிழ் வகுப்பு கிடைக்காது.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இத்துறைமுகத்தை விரும்பினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் பயன் கருதியே அதன் கதையை எழுதி வைத்தார்கள். அதில் வாழ்கின்றவர்கள் எழுத வேண்டிய பக்கங்கள் இன்னும் வெறுமையாகவே கிடக்கின்றன. அவற்றை நாம் நிரப்பாவிட்டால், நிரப்புவதற்கு வேறு கைகள் ஆயத்தமாக இருக்கின்றன என்பதை 2020ஆம் ஆண்டே நமக்குக் காட்டிவிட்டது.