கேள்வியெல்லாம் எங்களுக்கு மட்டுமா?

"உங்களுக்கென்ன, மாசம் பொறந்தா வாடகை வருது" என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகும் பொறுமை எனக்குத் தீர்ந்துவிட்டது. மாடியில் குடித்தனம் இருக்கிறது. விளக்கு எரிகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, ராத்திரி பத்து மணிவரை டி.வி. ஓடுகிறது. வாடகை மட்டும் வருவதில்லை. போன வருஷக் கடைசியில் நின்றது, இன்றுவரை நின்றதுதான்.

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. மனை என் அப்பா எனக்குக் கொடுத்தது. கீழ்த்தளம் என் கணவர் பஸ் ஓட்டிச் சம்பாதித்துக் கட்டியது. அவர் ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணத்தைப் போட்டு, போதாததற்கு வங்கியில் கடன் வாங்கி, மேலே ஒரு தளம் எழுப்பினோம். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. வாடகை 11,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகும். மிச்சம் அவருடைய சர்க்கரை மாத்திரைக்கும் எங்கள் இருவர் சாப்பாட்டுக்கும் என்பது கணக்கு. இந்தப் பக்கம் இப்படி மாடி எழுப்பியவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். ரிட்டையரான வாத்தியார், ரயில்வேயில் இருந்தவர், கணவனை இழந்து இன்சூரன்ஸ் பணத்தில் ஒரு போர்ஷன் கட்டிய பெண். பத்து வீடு, இருபது வீடு வைத்து வசூலிக்கிறவர்களோடு எங்களையும் சேர்த்து ஒரே வரிசையில் நிறுத்துவது என்ன நியாயம்?

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு இங்கே வீடு தேடி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். புரோக்கர் ஒருவர் இந்தக் குடும்பத்தை அழைத்து வந்தார். புருஷன், பெண்சாதி, யு.கே.ஜி. படிக்கும் ஒரு பெண் குழந்தை. கம்பெனி வேலை, ஐ.டி. கார்டு, ஆதார் நகல் எல்லாம் காட்டினார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்குவதைத்தானே ஊரே திட்டுகிறது? நாங்கள் வாங்கியது மூன்று மாதம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது; ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சின்னக் குடும்பம், எதற்குக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று நினைத்தோம். முதல் சில மாதங்கள் ஐந்தாம் தேதிக்குள் ஜிபேயில் பணம் வந்துவிடும். பிறகு "சம்பளம் இன்னும் கிரெடிட் ஆகல ஆன்ட்டி" ஆரம்பித்தது. அப்புறம் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க ஆன்ட்டி". மூன்று மாத அட்வான்ஸ் மூன்றே மாதத்தில் கழிந்தது. அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

இப்போது பார்க்கிற அத்தனை பேரும் கேட்பது என்ன தெரியுமா? "ஏன் பத்து மாசம் அட்வான்ஸ் வாங்கல?"

ஜனவரியில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். என் நெஞ்சை அறுப்பது அதுதான். வாடகைப் படிக்கு வரிச்சலுகை வாங்க ஆபீசில் ரசீது கேட்கிறார்கள், இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று அந்தத் தம்பி ரசீதுக் கட்டோடு இறங்கி வந்தார். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் நம்பரையும் கொடுக்க வேண்டும் என்பதால் அதையும் கேட்டார். "தம்பி, பாக்கி அப்படியே இருக்கே" என்றேன். "வெள்ளிக்கிழமை போட்டுடறேன் ஆன்ட்டி, சத்தியமா. இது குடுக்கலன்னா சம்பளத்துல நிறையப் புடிச்சிடுவாங்க, அப்புறம் உங்களுக்கே எப்படித் தருவேன்?" என்றார். குழந்தை அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. ரெவின்யூ ஸ்டாம்பை அவரே ஒட்டி வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டேன். அந்த வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை. கொடுக்காத வாடகைக்கு அவருக்கு வரிச்சலுகை கிடைத்திருக்கிறது. வாங்காத வாடகை என் பான் நம்பரில் வருமானமாக ஏறியிருக்கிறது.

இதோடு முடிந்ததா? நாங்கள் காவல் நிலையத்துக்குப் போனபோது, அவர் அந்த ரசீதுகளையே எடுத்து மேசையில் வைத்தார். "எல்லா மாசமும் குடுத்திருக்கேன் சார், கேஷா குடுத்தேன், அவங்க கையெழுத்து பாருங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. என் கணவர் முப்பது வருஷத்துக்கு மேல் பயணிகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். ஒரு நாளும் யாரிடமும் பொய் சொல்லி நிற்க வேண்டிய நிலை அவருக்கு வந்ததில்லை. அவர் அங்கே வாயடைத்து உட்கார்ந்திருந்தார். "பணம் வாங்காம எதுக்கும்மா கையெழுத்துப் போட்டீங்க? இது சிவில் மேட்டர், கோர்ட்டுல பார்த்துக்குங்க" என்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

நம்பியது என் குற்றம் என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே கூரையின் கீழ் இருக்கிற பிள்ளை, பெண்சாதி குழந்தையோடு வாழ்கிறவன், கடைசி நாள் என்று கலங்கி நிற்கும்போது நம்பாமல் என்ன செய்வது? நம்பிக்கையை வாங்கிக்கொண்டு அதையே எங்களுக்கு எதிரான சாட்சியாக்கியவரிடம் அல்லவா "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்க வேண்டும்?

வக்கீலிடம் போனோம். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறதாம். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் வீட்டைத் திரும்பக் கேட்க அதில் இடம் இருக்கிறது. கேட்கக் கேட்க மனசுக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்து அவர் கேட்டார்: "உங்க அக்ரிமென்ட் பதிவு பண்ணினதா?" எங்களிடம் இருந்தது புரோக்கர் எழுதி வாங்கித் தந்த பதினொரு மாத ஒப்பந்தம். 20 ரூபாய் முத்திரைத்தாள், நோட்டரி முத்திரை. இந்த ஊரில் எல்லோரும் வைத்திருப்பது இதைத்தான். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிய புரோக்கர் பதிவைப் பற்றி வாயே திறக்கவில்லை. முத்திரைத்தாள் விற்றவர் சொல்லவில்லை, டைப் அடித்தவர் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டு சீல் வைத்த நோட்டரியும் சொல்லவில்லை. ஆளாளுக்குக் காசு வாங்கினார்கள். பதிவாகாத அந்தக் காகிதத்தைச் சான்றாக வைத்து வாதாடுவது சிரமம் என்கிறார் வக்கீல். வேறு வழியில் மனு போடலாம், ஆனால் நாளாகும் என்கிறார். வங்கித் தவணை நாளாகுமா? மாதம் பிறந்தால் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் கணக்கில் பணம் போதவில்லை என்று அபராதமும் பிடித்தார்கள். என் வளையல் இப்போது அடகுக் கடையில் இருக்கிறது.

"தண்ணியை நிறுத்து, ரெண்டு நாள்ல ஓடிப்போயிடுவான்" என்று என் நாத்தனார் சொன்னாள். "கரண்டைப் புடுங்கிவிடு" என்றார் எதிர்வீட்டுக்காரர். நாலு ஆட்களை அழைத்துவந்து சாமானை வெளியே வைக்கிறேன் என்று ஒருவர் தானாகவே வந்தார். எதற்கும் நாங்கள் சம்மதிக்கவில்லை. குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்று அந்தச் சட்டமே தடுக்கிறது, தடுப்பது சரிதான். சட்டம் இல்லாவிட்டாலும் என்னால் முடியாது. காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற குழந்தை மேலே இருக்கிறது. அது குளிக்காமல் போக வேண்டும் என்று நினைக்க எனக்கு வராது.

அதனால் விடியற்காலையில் எழுந்து நான்தான் மோட்டார் போடுகிறேன். மேல் தொட்டி நிரம்பும்வரை பார்த்திருந்து அணைக்கிறேன். மோட்டார் எங்கள் மீட்டரில் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் உண்மைதான். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கணக்கு வேறு ஸ்லாபுக்குப் போய்த் தொகை எங்கேயோ ஏறிவிடுகிறது. கோடையில் போர் வற்றி, லாரித் தண்ணீர் வாங்கி சம்பில் விட்டோம். அதற்கும் நாங்கள்தான் கொடுத்தோம். மோட்டார் காயில் எரிந்தது, ரீவைண்டிங் நாங்கள். செப்டிக் டேங்க் நிரம்பியது, லாரிக்காரருக்கு நாங்கள். மாடி மீட்டரின் பில்லை அவர் கட்டாமல் விட, இணைப்பு என் பெயரில் இருப்பதால் நோட்டீஸ் எனக்கு வருகிறது. சொத்து வரியோ 2022-இல் பரப்பளவைப் பொறுத்து 25 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடுவரை மாநிலம் முழுக்க ஏற்றப்பட்டது. வாடகை வருகிறதா என்று கேட்டுவிட்டு யாரும் வரி வாங்குவதில்லை. மாடிப்படியில் என்னைப் பார்த்தால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். குழந்தை மட்டும் "பாட்டி" என்று கூப்பிடுகிறது. நானும் "என்ன கண்ணு" என்கிறேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன்.

வீட்டுக்காரர்களில் அநியாயம் செய்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. என்ன சாதி, என்ன மதம், கறி சமைப்பீர்களா என்று கேட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. கரண்டுக்கு யூனிட்டுக்கு இஷ்டத்துக்கு வாங்குகிறவர்கள் உண்டு. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அட்வான்சை அமுக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. நாங்களும் பதினைந்து வருஷம் வாடகை வீட்டில் இருந்து இதையெல்லாம் அனுபவித்தவர்கள்தான். அப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று உறுதி வைத்துத்தான் வாடகைக்கே விட்டோம். அவர்கள் செய்த பாவத்துக்கு எங்களைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. முத்திரைத்தாள் விற்கிற இடத்திலும் இ-சேவை மையத்திலும் ஒப்பந்தப் பதிவைப் பற்றித் தமிழில் ஒரு பலகை வையுங்கள். கமிஷன் வாங்குகிற புரோக்கரை அதற்குப் பொறுப்பாக்குங்கள். ஒரே ஒரு போர்ஷனை நம்பிப் பிழைக்கிறவர்களின் மனுவைத் தனியாக எடுத்து, வாய்தா மேல் வாய்தா போடாமல் விசாரியுங்கள். காவல் நிலையத்தில் எங்களைக் கேட்ட அதே குரலில் அவரையும் கேளுங்கள்: எந்தத் தேதியில் கேஷ் கொடுத்தாய், அதுவரை ஜிபேயில் போட்டவன் அந்த மாதங்களுக்கு மட்டும் ஏன் கேஷுக்கு மாறினாய், அந்தப் பணத்தை எந்த பேங்க் கணக்கிலிருந்து எடுத்தாய் என்று.

தம்பி, இதை நீங்களும் படிப்பீர்கள். வேலை போயிருந்தால் சொல்லியிருக்கலாம்; இரண்டு மாதம், மூன்று மாதம் நாங்கள் பொறுத்திருப்போம், பொறுத்தும் இருக்கிறோம். கஷ்டம் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் என் கையெழுத்தை வைத்து என்னையே பொய்க்காரி ஆக்கினீர்களே, அதை எப்படிப் பொறுப்பது? அந்த ரசீதுகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வாருங்கள். பாக்கியையும் கரண்ட் பில்லையும் கொடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள். என் கணவர் முன்னால் நின்று, வாடகை கொடுக்கவில்லை என்ற உண்மையை உங்கள் வாயால் சொல்லுங்கள்.