உறுமியும் ஒரு இரண்டாவது ஆல்பமும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். பங்குனி, சித்திரையில் அந்த அரை மணி நேரத்துக்குள் எங்காவது ஒரு உறுமிச் சத்தம் காதில் விழுந்துவிடும். மாரியம்மன் பொங்கல், முளைப்பாரி, பூக்குழி, சாவு வீடு... எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஆனால் அதை ‘இசை’ என்று சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது. ‘கொட்டு’ என்பார்கள். காலேஜ் பையன்கள் என்றால் ‘சாவுக்குத்து’!

அதே பையன்களில் பலருக்கு ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ பாட்டு தெரியும். அது வந்த ‘கலா’ ஆல்பத்தில் உறுமி முழங்குகிறது என்பது தெரியுமா?

‘கலா’ (2007) எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசத்தின் இரண்டாவது ஆல்பம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் அகதியாக லண்டன் திரும்பிய தமிழ்ப்பெண். முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், ‘அருளர்’. இரண்டாவதுக்கு அம்மா பெயர்.

கடையில் இதை ஹிப்-ஹாப், டான்ஸ் அலமாரியில்தான் வைப்பார்கள். ஆனால் இதன் வேர் போஸ்ட்-பங்க். 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பங்க் அலை ஓய்ந்த பிறகு, கிடாரை ஓரங்கட்டிவிட்டு பேஸ், டிரம்ஸ், இரைச்சல், ஜமைக்கா ரெக்கே எல்லாவற்றையும் போட்டுக் கலக்கிய பாணி அது. அந்தப் பாணியைத் தொண்ணூறுகளில் திரும்பக் கொண்டுவந்த குழுக்களில் ஒன்று எலாஸ்டிகா. அவர்களின் இரண்டாவது ஆல்பமான ‘தி மெனஸ்’ (2000), முதல் ஆல்பத்தைவிடக் கரடுமுரடானது. அதற்கு அட்டைப்படம் செய்தவர் மாயாதான், அப்போது அவர் கலைக் கல்லூரி மாணவி. அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனபோதுதான் மெஷினில் தாளம் அமைக்கவே கற்றுக்கொண்டார்.

ஏழு வருஷம் கழித்து அவருடைய இரண்டாவது ஆல்பத்தின் முறை. அமெரிக்க விசாவில் சிக்கல் வந்தது. அதனால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றினார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டுடியோவில் ஒரு பெரிய மேளக் குழுவையே உட்கார வைத்துப் பதிவு செய்தார். ‘பாய்ஸ்’, ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டுகளில் காதைப் பிளப்பது அந்த மேளம்தான். முதல் பாட்டான ‘பாம்பூ பங்கா’வில் ‘தளபதி’ படத்தின் இளையராஜா பாட்டும், அமெரிக்காவின் மாடர்ன் லவ்வர்ஸ் பாட்டு வரியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ஸின் அடித்தளம் தி கிளாஷ் குழுவின் 1982 பாட்டு.

“இதெல்லாம் வெட்டி ஒட்டும் வேலைதானே, இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்கலாம். இருக்கிறது. உறுமி எப்படி ஒலிக்கிறது என்று கவனித்தால் புரியும். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கத் தேய்க்க ஒரு முனகல் எழும். மறு பக்கத்தில் நேர்க் குச்சியால் அடி விழும். அந்த உறுமலால்தான் பெயரே உறுமி. மேற்கே கிடாரைக் கதறவிட்டு, மெஷினைக் கீறவிட்டு ‘பரிசோதனை’ என்றார்கள். அந்தக் கரகரப்பு இங்கே ராஜகம்பளத்தாரின் தேவராட்டத்தில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. எம்.ஐ.ஏ. அதைப் பாலிஷ் போட்டு மெலடிக்குப் பின்னால் ஒளிக்கவில்லை, முன்னால் நிறுத்தினார். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அதை 2007இன் சிறந்த ஆல்பம் என்றது.

ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. புகழ் அட்டையில் இருக்கும் பெயருக்குத்தான் போனது. ஸ்விட்ச், டிப்லோ, டிம்பலாண்ட் என்று தயாரிப்பாளர்களின் பெயர்கள் உலகம் முழுக்கத் தெரியும். உறுமி அடித்தவர்களின் பெயர்கள் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? அந்தக் கேள்வியை லண்டனைப் பார்த்துக் கேட்பது சுலபம். சொந்த ஊரைப் பார்த்துக் கேட்பதுதான் கஷ்டம். இங்கே மேளக்காரர் எந்தத் தெரு என்று பார்த்த பிறகுதான் மரியாதையே முடிவாகிறது. சாமி இறங்க அவர் அடி வேண்டும், பந்தியில் மட்டும் அவருக்குக் கடைசி இடம். காலேஜ் ஆண்டுவிழாவிலும் அதே கதைதான்: சிறப்பு விருந்தினரை வாசலில் வரவேற்க மேளம், மேடையில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு.

வெளிநாட்டு முத்திரை விழுந்த பிறகு உறுமியைப் பெருமையாகப் பேசுவதில் பெரிய பெருமை ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டுவிழாவில் அந்தக் குழுவை வாசலிலிருந்து மேடைக்கு ஏற்றி அரை மணி நேரம் கொடுக்கட்டும், அழைப்பிதழில் அவர்கள் பெயரையும் அச்சடிக்கட்டும். ‘கலா’வை ரசிப்பதாகச் சொல்பவர்கள் தாராளமாக அங்கிருந்து தொடங்கலாம்.