தடதட தாம்பத்யம்

டிரெய்லர் என்றதும் பண்டிகைக்கு வரப்போகிற சினிமா ஞாபகம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. நான் சொல்வது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற இரண்டு சக்கர சமாசாரம். நம்மூரில் டிராக்டருக்குப் பின்னால் கரும்பும் கல்யாண கோஷ்டியும் ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து வருமே, அதன் சீமைச் சித்தி மகள். ஆஸ்திரேலியாவில் இதற்குள் கூடாரம், மெத்தை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் மடித்துத் திணித்துக்கொண்டு பாலைவனத்துக்குள் உல்லாசப் பயணம் போகிறார்கள். போகிறவர்கள் பிறகு மெக்கானிக்கிடமும் போகிறார்கள்.

அடிலெய்டில் இருக்கும் என் அக்கா பையன் அந்த ரகம். "மாமா, நீங்க சும்மா உக்காந்து வந்தா போதும்" என்றான். ஆகஸ்ட் மாதம். அங்கே அது குளிர்காலம், பாலைவனத்துக்குப் போக யோக்கியமான சீஸன்.

காரையும் டிரெய்லரையும் சேர்ப்பது அப்படியே கல்யாணம்தான். காரின் பின்பக்கம் எலுமிச்சம்பழ சைஸில், 50 மில்லிமீட்டரில், ஓர் இரும்பு உருண்டை. அதன்மேல் டிரெய்லரின் மூக்கு கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். கழன்றால் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலிகள். ஆக மொத்தம் மூன்று முடிச்சு. அதற்குமேல் பின்னால் வருகிறவர் சொன்ன பேச்சு கேட்பாரா என்பது எடையைப் பொறுத்தது. டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்து சதவிகிதம் அந்த உருண்டையின் மேல் அழுந்த வேண்டும் என்பது கணக்கு. எங்களுடையது 1,200 கிலோ, ஆகவே 120 கிலோ. கனமான சாமான்களையெல்லாம் பின்கோடியில் ஏற்றினால் மூக்கு லேசாகி, வேகம் பிடித்ததும் டிரெய்லர் இடமும் வலமும் சாமியாட ஆரம்பிக்கும். காரையும் சேர்த்து ஆட்டும். அப்போது பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்தால் கதை கந்தல். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க டிரைவர் பக்கத்தில் இருக்கும் பித்தானைத் தொட வேண்டும்.

மாரீ என்று ஒரு குட்டி ஊர். ஒரு காலத்தில் ஒட்டகக்காரர்களின் தலைநகரம். அங்கிருந்து இரண்டு மண் ரோடுகள் பிரிகின்றன. ஒன்று வடக்கே 517 கி.மீ. ஓடும் பர்ட்ஸ்வில் டிராக். அதில் 1936 முதல் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் லாரியில் தபால் கொண்டுபோனவர் பெயர் டாம் க்ரூஸ். (சத்தியமாக! ஸ்பெல்லிங்தான் வேறு. ஹாலிவுட்காரர் பிறந்ததே 1962-ல்.) மணல் மேட்டில் லாரி புதைந்தால் இரும்புத் தகடுகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டுப் போட்டு ஏற்றுவார். 1954-ல் வந்த 'தி பேக் ஆஃப் பியாண்ட்' என்ற டாக்குமென்டரியில் அவரே ஹீரோ. 2011-ல் 96 வயதில் காலமானார். ஸ்டண்ட் எல்லாம் டூப் போடாமல் செய்த டாம் க்ரூஸ் என்று இவரைத்தான் சொல்வேன்.

நாங்கள் பிடித்தது இன்னொன்று, ஊட்னடாட்டா டிராக். மாரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கி.மீ. மணல் பயமில்லை. வேறு பயம் இருந்தது. ரோடு முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரை மாதிரி குறுக்கே வரிவரியாக அலை.

இது எப்படி வருகிறது? சக்கரம் சின்ன மேட்டில் ஏறித் துள்ளி விழுகிறது. விழுந்த இடத்தில் மண்ணை முன்னால் தள்ளி அடுத்த மேட்டைச் செய்கிறது. அடுத்த வண்டி அதே இடத்தில் துள்ளி அதைப் பெரிதாக்குகிறது. ஸ்பிரிங்கின் விஷமம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2007-ல் ஒரு விஞ்ஞானி கோஷ்டி சுற்றும் மணல் மேடையில் சக்கரத்தை உருட்டிப் பார்த்ததில், ஸ்பிரிங்கே இல்லாவிட்டாலும் அலை வருகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் வராதாம். அந்த வேகம் ஏறக்குறைய சைக்கிளில் காய்கறி வாங்கப் போகிற வேகம். 620 கி.மீ. யார் போவது?

1953-ல் வந்த 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' என்ற பிரெஞ்சுப் படத்தில் நைட்ரோ கிளிசரின் லாரிகள் இப்படி ஒரு ரோட்டில் மாட்டிக்கொள்ளும். இரண்டே வழி: ஊர்ந்து போ, அல்லது பறந்து போ. 80 கி.மீ. வேகம் தாண்டினால் கார் மேட்டுக்கு மேடு தாவிக்கொண்டு கப்பல் மாதிரி போகிறது. சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் டயர் பாதி நேரம் தரையில் இல்லை. பிரேக்கும் ஸ்டியரிங்கும் பெயருக்குத்தான். டிரெய்லருக்கு அந்தக் கப்பல் யோகமும் கிடையாது. பலவற்றில் ஸ்பிரிங் பட்டை மட்டும்தான், ஷாக் அப்ஸார்பர் இல்லை. இருந்தாலும் மணிக்கணக்கில் உதறி எண்ணெய் கொதித்துச் செயலிழந்துவிடும். பிறகு உதறல் முழுவதும் பட்டைக்கு, போல்ட்டுக்கு, வெல்டிங்குக்கு.

மருந்து சுலபம்: காற்றை இறக்குவது. 40 பவுண்டு இருந்த டயர்களை, டிரெய்லர் உள்பட, 28-க்கு இறக்கினான். டயரே தலையணையாகிவிடும். ஆனால் வேகத்தையும் 60-க்குக் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் பக்கச் சுவர் சூடாகிக் கிழியும். ஒரு மணி நேரம் ஓடியபின் அளந்து பார்த்து 4 முதல் 6 பவுண்டு ஏறியிருந்தால் சரி. அதற்கும் மேல் ஏறினால் இன்னும் மெதுவாகப் போ என்று அர்த்தம்.

50 கி.மீ.க்கு ஒரு தரம் இறங்கி டிரெய்லரின் ஹப்பை ஜுரம் பார்ப்பதுபோல் தொட்டுப் பார்ப்பான். நட்டுகளை முடுக்குவான். உள்ளே கதவைத் திறந்தால் பிரளயம். கூல்டிரிங்க் டின் ஒன்று பக்கத்து டின்னோடு உரசி உரசி ஓட்டையாகி ஒழுகியிருந்தது. அவன் மனைவி பாசமாகக் கொடுத்தனுப்பிய சாம்பார் பொடி டப்பா, உதறலில் மூடி தானாகவே திருகிக் கழன்று, காலியாக நின்றது.

வில்லியம் க்ரீக் தாண்டி நூறு கி.மீ. இருக்கும். மண்டியிட்டுப் பார்த்தவன் எழுந்திருக்கவில்லை. "மாமா, மெயின் பட்டை விரிசல் விட்டிருக்கு."

ஊட்னடாட்டாவுக்கு இன்னும் நூறு கி.மீ. அந்த ஊரில் 1960 ஜனவரி 2-ஆம் தேதி 50.7 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. 1963 டிசம்பரில், பக்கத்து பர்ட்ஸ்வில் டிராக்கில் கார் நின்றுபோய், ஒரு குடும்பத்தில் ஐந்து பேரும் தாகத்தில் இறந்தார்கள். காரை விட்டு நகர்ந்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் எச்சரிக்கிறார்கள். நான் கேட்ட முதல் கேள்வி தண்ணீர். டிரெய்லர் தொட்டியில் 60 லிட்டர், காரில் தனியாக 40. "டிரெய்லரை விட்டுட்டுப் போற நிலைமை வந்தா தண்ணி கூட வரணுமில்ல மாமா" என்றான், ஜாக்கியைத் தேடிக்கொண்டே. சாட்டிலைட் போனும் காரில்தான்.

விட்டுவிட்டுப் போகவில்லை. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகி, சங்கிலியால் இறுக்கிக் கட்டினான். இதற்காகவே அந்தக் கட்டையை வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறான்! வேலை நடந்த ஒண்ணரை மணி நேரத்தில் இரண்டு வண்டிகள் அந்தப் பக்கம் வந்தன. இரண்டும் நின்றன. யாரும் நிற்காமல் போவதில்லை, அது அந்த ரோட்டின் சம்பிரதாயம். ஒருவர் தன் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனார்.

பிறகு 25 கி.மீ. வேகத்தில் நான்கு மணி நேரம். இருவரும் பேசவில்லை. பின்னாலிருந்து ஒவ்வொரு 'டங்'குக்கும் அவன் கண்ணாடியைப் பார்ப்பான், நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். இருட்டுகிற நேரத்தில் ஊட்னடாட்டா. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, பட்டையை விட்டுவிட்டு, மரக்கட்டையைப் பற்றித்தான் கேட்டார். எந்த மரம் என்று.

மறுநாள் புதுப் பட்டையுடன் மார்லா. தார் ரோடு. கம்ப்ரஸரை வைத்து ஒவ்வொரு டயராகக் காற்றேற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மாமா, நான் குடுத்த சாம்பார் பொடி போதுமா?"

"தாராளமா இருக்கும்மா. மெத்தையில, தலகாணியில, எல்லா இடத்துலயும் இருக்கு."